"உன்னால் முடியாது" என்று சொன்ன நண்பர்

கேள்வி:

அன்புள்ள டாக்டருக்கு, எனக்கு வயது 38. சொந்த ஊர் கோவில்பட்டி. பதினோரு ஆண்டுகளாகக் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் மென்பொருள் வேலை. மனைவி, ஒன்பது வயது மகள். நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் இங்குள்ள சீட்டாட்டக் கூடத்தில் போக்கர் ஆடுகிறேன். அங்கே பழக்கமானவர் ஒருவர். அறுபதைத் தாண்டியவர், வியட்நாமில் பிறந்து சிறுவனாக இங்கே வந்தவர், முப்பது ஆண்டுகளாகப் போக்கரிலேயே குடும்பம் நடத்தியவர். எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒரு காசு வாங்கியதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் நெருப்பு. ஒருநாள் கடைசிச் சீட்டில் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) விழுந்து 600 டாலரை வாரினேன். மேசையே கைதட்டியது. காரில் திரும்பும்போது அவர், "இன்று நீ செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான்" என்றார்.

மார்ச் மாதம் எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஆடலாமே என்ற எண்ணம் ஏப்ரலில் வந்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 600 மணி நேரம் ஆடி 9,000 டாலர் லாபம் பார்த்திருக்கிறேன். இடையில் ஒரு மாதம் 4,000 போயிற்று. அது மனைவிக்குத் தெரியாது. அப்போது அந்தப் பெரியவரிடம் 3,000 கடன் கேட்டேன். முகத்துக்கு நேரே "இல்லை" என்றார். மே மாதம் மேசையில் ஐந்தாறு பேர் இருக்கும்போது என் திட்டத்தைச் சொன்னேன். "உன்னால் முடியாது. இரண்டு வருடத்தில் வீடு போய்விடும்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். ஏழு வாரமாகப் பேச்சில்லை. "சூதாடிக்கு ஏது சிநேகிதம்" என்கிறாள் மனைவி. இவர் நண்பரா, நான் முன்னேறுவது பொறுக்காதவரா? இனி அவரோடு பழகலாமா?

பி.கு.: மகள் தனக்கும் சீட்டு விளையாடக் கற்றுத்தரச் சொல்கிறாள். கற்றுத்தரலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தோடு தனித்தாளில் அந்த 600 டாலர் ஆட்டத்தை ஒரு பக்கத்துக்கு விவரித்திருக்கிறீர்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் கையில் இரண்டு இஸ்பேட். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விழுந்த நான்கு சீட்டுகளில் இரண்டு இஸ்பேட். ஐந்தாவதும் இஸ்பேடாக விழுந்தால் உங்களுக்கு ஃப்ளஷ், விழாவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் 200 டாலர் கிடக்கிறது. எதிராளி தன்னிடம் மிச்சமிருந்த 200ஐயும் தள்ளிவிட்டார். அதாவது 400ஐப் பிடிக்க நீங்கள் 200 வைக்க வேண்டும். மூன்று தடவையில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். உங்கள் கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் இஸ்பேட் 9. ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. இதே ஆட்டத்தை நூறு தடவை ஆடினால் எண்பது தடவை 200 போகும், இருபது தடவை 400 வரும். 16,000 போய் 8,000 வரும். ஒவ்வொரு தடவையும் சராசரியாக 80 டாலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வருகிறீர்கள். அன்று அந்த இருபதில் ஒன்று விழுந்தது.

நான் போக்கர் ஆடுகிறவள் அல்ல. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், சூதாட்டத்தை விட முடியாமல் என்னிடம் வந்த ஒருவர். அவருக்கு அது தலைகீழ்ப் பாடம், ஆனாலும் ஆடினார். அது வேறு கதை. உங்கள் நண்பர் அன்று பேசியது கணக்கை. ஜெயித்த பணம் அவர் கண்ணில் படவில்லை. கைதட்டியவர்கள் பணத்தைப் பார்த்தார்கள்.

சரி, பொறாமைக்காரரும் இப்படித்தான் "அது உன் அதிர்ஷ்டம்" என்பார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆகவே ஜெயித்த நாளை விட்டுவிட்டுத் தோற்ற நாளைப் பார்ப்போம். பொறாமைக்காரருக்கு உங்கள் வெற்றி அதிர்ஷ்டம், தோல்வி உங்கள் லட்சணம். இவர் என்ன செய்தார்? நீங்களே ஓரிடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு ஆஸ் ஜோடியிடம் மொத்தமாக இழந்த அன்று, "சரியாகத்தான் ஆடினாய், போய்ச் சாப்பிடு" என்றாராம். ஜெயித்த நாளில் திட்டி, தோற்ற நாளில் சோறு தின்னச் சொல்கிற ஆள் அபூர்வம். நான் பார்த்த குருமார்களில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இந்த ஆட்டத்தில் நல்ல ஆசான்கள் பலருக்கு இந்தக் குணம் உண்டு போலிருக்கிறது. எரிக் சைடல் என்பவர் 1988 போக்கர் உலகத் தொடரின் இறுதியில் ஜானி சானிடம் தோற்று இரண்டாவதாக வந்தவர், அதன் பிறகும் பல பத்தாண்டுகள் முன்வரிசையிலேயே நின்றவர். சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாமல் அவரிடம் மாணவியாகப் போனார் மரியா கோனிகோவா. உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆகவே எனக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. நல்ல சீட்டு வைத்திருந்தும் தோற்றுப்போன கதையை அவர் சைடலிடம் சொல்லப் போனால் சைடல் காது கொடுப்பதில்லையாம். எப்படி முடிந்தது என்பது வேண்டாம், நீ எடுத்த முடிவில் சந்தேகம் இருந்தால் கேள் என்பாராம். 2018 ஜனவரியில் அந்த மாணவி பஹாமாஸில் ஒரு போட்டியை வென்று 84,000 டாலருக்கு மேல் பரிசு வாங்கினார். வித்தியாசம் ஒன்று உண்டு. சைடல் மென்மையாகப் பேசுகிறவர் என்று பெயர். உங்கள் ஆளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்தக் கரகரப்பில் பாதி நம் பக்கத்துப் பிரச்சினை என்றும் நினைக்கிறேன். நம் ஊரில் ஒருவர் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்வது சண்டைக்குச் சமம். நாம் "பார்க்கலாம்" என்போம். கல்யாணச் சத்திரம் வாடகைக்குக் கேட்டாலும் பார்க்கலாம், கடன் கேட்டாலும் பார்க்கலாம். கேட்டவரும் அதன் பொருளைப் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். இந்தச் சங்கேதம் தெரியாத ஒருவர் முப்பது ஆண்டுகள் சீட்டு மேசையில் உட்கார்ந்து, "ஃபோல்ட்" (சீட்டைப் போட்டுவிடுகிறேன்) என்றால் ஃபோல்ட், "கால்" (பந்தயத்துக்குச் சமமாக வைக்கிறேன்) என்றால் கால் என்று பழகியிருக்கிறார். அவரிடமிருந்து "இல்லை" வந்தபோது அது உங்கள் காதில் எத்தனை மடங்காக விழுந்திருக்கும் என்று தெரிகிறது. அவர் சொன்னது ஒரு மடங்குதான்.

அந்தக் கடன் விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். அவர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 4,000 இழந்த மாதத்தில் 3,000 கையில் கிடைத்தால் அது வங்கிக்குப் போகாது, மேசைக்குத்தான் போகும். உங்களுக்கும் தெரியும், அவருக்கு நன்றாகவே தெரியும். "இல்லை என்று சொன்ன பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்த மாதம் முழுவதும் நான் ஆடியதைக் கேட்டார், சாப்பாட்டுக்கும் அவரே காசு கொடுத்தார்" என்று இன்னொரு பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது அதைக் கூட்டிப் பார்க்கவில்லையா? பணம் தர மறுத்து இரண்டு மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறார். சீட்டாடிப் பிழைக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் என்பது கூலி.

ஆனால் மே மாதம் நடந்ததில் அவர் மேல் தவறு இருக்கிறது. அதை மழுப்ப மாட்டேன். போக்கர் ஆடுகிறவர்களிடையே ஒரு சொலவடை உண்டு: மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே. மீன் என்றால் சரியாக ஆடத் தெரியாதவர். மேசையில் வைத்து யாருக்கும் பாடம் எடுக்காதே, குற்றம் சொல்லாதே, மீன் மிரண்டு ஓடிவிடும் என்று பொருள். சுயநலமான அறிவுரைதான், ஆனால் அதன் விளைவு மரியாதை. முப்பது ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்த மனிதர் அன்று ஐந்தாறு பேர் முன்னால் உங்களிடம் ஏன் கண்ணாடியை உடைக்கிற மாதிரி தட்டினார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீங்கள் அந்தத் திட்டத்தை அவரிடம் காரில் தனியாகச் சொல்லவில்லை. ஊர் அறியச் சொன்னீர்கள். அவர் ஆசீர்வாதம் செய்வார், மற்றவர்கள் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தீர்கள். நான்கு ஆண்டுகள் உடன் இருந்தவருக்கு அது புரியாமல் இருக்காது. பயந்திருக்கிறார். பயந்த மனிதர் நாகரிகம் பார்க்கவில்லை. ஆனாலும் "பிறகு பேசலாம்" என்று ஒரு வார்த்தையில் அவர் முடித்திருக்கலாம். அதை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

"நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு" என்ற குறளை இந்த இடத்தில் யாராவது உங்களிடம் எடுத்து நீட்டுவார்கள், ஜாக்கிரதை. நட்பு என்றாலே இடித்துரைப்பதுதான் என்று பாதியை மட்டும் சொல்வார்கள். "மிகுதிக்கண்" என்று வள்ளுவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். வரம்பு மீறும்போது இடி என்கிறார், சாப்பிடும்போதும் நடக்கும்போதும் இடித்துக்கொண்டே இரு என்று சொல்லவில்லை. உங்கள் நண்பர் அடிக்கடி இடிக்கிறவர். அவற்றில் பல தேவையற்றவை என்பதையும் ஏற்கிறேன். உங்கள் காலணியைப் பற்றிச் சொன்னது உட்பட. ஆனால் வேலையை விடுகிறேன் என்று சொன்ன அந்தக் கணம் மிகுதிக்கண்தான். இன்று அச்சில் வருகிற பல பதிப்புகளில் நட்பும் சூதும் ஒரே இயலுக்குள், நட்பியலில்தான் இருக்கின்றன. சூதில் கிடைக்கிற வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் பொன் என்பதும் அங்கேதான் வருகிறது. அங்கேயும் மீன்!

அவர் சொன்னது பலிக்குமா என்பது தனிக் கேள்வி. மேசையில் கெட்டிக்காரர் சொன்னதாலேயே உங்கள் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பும் சரியாகிவிடாது. ஸ்டூ அங்கர் 1980, 1981, 1997 என மூன்று முறை உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். சீட்டில் அவரைப் போல மூளை உண்டா என்று இன்றும் கேட்கிறார்கள். 1997இல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர் அவர் கையில் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கட்டினார். வென்ற பத்து லட்சம் டாலரை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு மலிவு விடுதி அறையில் அங்கர் இறந்துகிடந்தார். வயது 45. சீட்டு மேசையில் இருந்த தெளிவு அந்த அறைவரை கூடவே வரவில்லை. ஆகவே உங்கள் நண்பர் சொன்னதை ஜோசியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்வோம்.

600 மணி நேரத்தில் 9,000 டாலர் என்றால் மணிக்கு 15 டாலர். கலிபோர்னியாவில் 2025இன் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 16.50. மருத்துவக் காப்பீடு நீங்களே கட்ட வேண்டும். 2026 முதல் அமெரிக்க வரிச் சட்டப்படி சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழித்துக்கொள்ள முடியும். மணிக்குச் சுமார் 30 ஆட்டம் என்றால் நீங்கள் ஆடியது 18,000 ஆட்டம். அதை வைத்துத் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. சுமாரான ஆட்டக்காரர்கூட அந்த அளவில் லாபத்தில் நிற்கலாம், நல்லவர் நஷ்டத்தில் நிற்கலாம். இன்னொன்று: அந்த 9,000 என்பது 4,000ஐக் கழித்த பிறகா, கழிக்காமலா? உங்கள் வாக்கியத்தை மூன்று முறை படித்தேன், தெரியவில்லை. கழிக்கவில்லை என்றால் மணிக்கு எட்டு டாலர் சில்லறை.

வேலையை விட வேண்டும் என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றுகிறது. அதை நான் லேசாக நினைக்கவில்லை. விசாவுக்காகப் பதினோரு ஆண்டுகள் முதலாளியின் கதவருகே செருப்பைக் கழற்றாமல் நின்றிருக்கிறீர்கள். மார்ச்சில் கயிறு அவிழ்ந்தது, ஏப்ரலில் ஓடத் தோன்றியது. என்னிடம் வருகிற நம்மவர்களில் பலருக்குக் கிரீன் கார்டு வந்த ஆறு மாதத்துக்குள் இப்படி ஏதாவது ஒன்று முளைக்கிறது. ஒருவர் கள்ளிப்பழத் தோட்டம் போடக் கிளம்பினார். வேலை பிடிக்கவில்லை என்பதையும் போக்கர் பிடிக்கிறது என்பதையும் ஒரே கேள்வியாகக் கட்டி அந்தப் பெரியவர் தலையில் வைத்துவிட்டீர்கள். அவருக்கு இரண்டாவதற்குத்தான் பதில் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. "அது மனைவிக்குத் தெரியாது." மூன்றே சொற்களில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். கடிதத்தில் எனக்குக் கவலை தந்த ஒரே இடம் அதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. ஒரே ஆண்டில் நான்கு இருந்தால் நோய். ஆடுவதை மறைத்துப் பொய் சொல்வது ஒன்று. சூதில் பணம் போன நெருக்கடிக்கு அடுத்தவரிடம் கை நீட்டுவது இன்னொன்று. விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போவது மற்றொன்று. நீங்கள் நோயாளி என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டாமல் நான்கு ஆண்டுகள் ஆடியிருக்கிறீர்கள், கணக்கு எழுதுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் அந்த 4,000 போன மாதத்திலும் வாரத்துக்கு மூன்று மணி நேரம்தானா? அதற்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். பதில் கூசினால் கலிபோர்னியாவில் 1-800-426-2537 என்ற இலவச எண் இருக்கிறது. அழைத்துப் பேசுங்கள்.

உங்கள் மனைவி "சூதாடிக்கு ஏது சிநேகிதம்" என்றபோது அந்தப் பெரியவரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. வீட்டில் 4,000 டாலர் குறைந்தால் தொகை தெரியாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். தேதியோடு, தொகையோடு, கடன் கேட்டதையும் சேர்த்து. அந்த மனிதர் "இல்லை" என்று மறுத்ததையும் விடாமல் சொல்லுங்கள். நண்பரைப் பற்றி மனைவி கேட்கப்போகிற முதல் நல்ல செய்தி அதுவாக இருக்கும்.

அதன் பிறகு நண்பரிடம் போங்கள். சீட்டாட்டக் கூடத்தில் வேண்டாம். வியட்நாமிய ஃபோ சூப் கடைக்குக் கூப்பிடுங்கள், இந்த முறை காசு நீங்கள் கொடுங்கள். சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம்: "அன்று மற்றவர்கள் முன்னால் சொன்னது எனக்கு வலித்தது. இனி என் சொந்த விஷயத்தைத் தனியாகச் சொல்லுங்கள்." சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள், விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். அவர் மன்னிப்புக் கேட்பார் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் பதினாறு வயதில் வீணை சொல்லிக்கொடுத்த மாமி, வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் "இவளுக்குக் கை இருக்கிறது, காது இல்லை" என்றார். மூன்று மாதம் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் போய், நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அழுதுகொண்டே சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டார். "உட்கார்" என்றார். தம்புராவின் சுருதியைக் கூட்டிவிட்டுக் கால் மணி நேரம் என்னை வாசிக்க விடாமல் வெறுமனே கேட்க வைத்தார். எனக்குக் காது வந்ததா என்பதைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால் மாமி அதன் பிறகு விருந்தாளிகள் முன்னால் வாயைத் திறக்கவில்லை.

இனியும் அவர் பலர் முன்னால் அப்படிப் பேசினால், பழக்கத்தை ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் தவறில்லை. எனக்கென்னவோ அவர் பேசமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. இந்த ஏழு வாரத்தில் அவர் உங்களுக்கு இரண்டு முறை ஃபோன் செய்ததாகவும் நீங்கள் எடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய சுபாவத்துக்கு அந்த இரண்டு அழைப்புகள் பெரிய விஷயம்.

மகளுக்குச் சீட்டு கற்றுக்கொடுங்கள். போக்கர் வேண்டாம், கழுதை ஆட்டம் போதும். அம்மாவையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக உட்காருங்கள். காசு வைக்காதீர்கள், புளியங்கொட்டைகூட வேண்டாம். ஒன்பது வயதுப் பெண் கழுதையானால் முகம் சுருங்கும், கண் கலங்கும். அதற்காக உங்கள் சீட்டை ஒளித்து வைத்து அவளை ஜெயிக்கவிடாதீர்கள். குழந்தைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.